வாஷிங்டன் மாநிலத்தில் காயமுற்ற தொழிலாளரும் ஓபியாய்டு மாத்திரைகளும்: ஒரு மருந்தாளுநரின் அனுபவம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேலையில் காயமுறும் தொழிலாளருக்கான இழப்பீட்டுக் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் விற்க முடியாது. காயமுற்றோரில் பெரும்பாலானோரின் சிகிச்சைச் செலவை மாநிலத் தொழிலாளர் துறையே ஏற்கிறது. யாருக்கு எவ்வளவு மருந்து போயிற்று, பின்னர் அவர் என்ன ஆனார் என்பதை ஓரிடத்திலேயே பார்க்க முடிந்ததால்தான், இழப்பீடு பெற்றுவந்தவர்களில் சிலர் ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிநிவாரணி மாத்திரைகளாலேயே இறந்திருப்பதை அத்துறையின் மருத்துவ இயக்குநர் கேரி ஃபிராங்க்ளினும் குழுவினரும் கண்டறிந்து 2005இல் வெளியிட்டார்கள். வலியும் செயல்திறனும் மேம்படாதபோது, நாளொன்றுக்கு 120 மில்லிகிராம் மார்ஃபினுக்கு இணையான அளவைத் தாண்டுமுன் வலிசிகிச்சை நிபுணரைக் கலந்தாலோசிக்குமாறு 2007இல் வழிகாட்டுதல் வந்தது.

இந்த எண் எதற்கு என்பதை எனக்கு உணர்த்தியவர், கூரை வேலையில் விழுந்து முதுகில் அடிபட்ட ஒருவர். ஆக்ஸிகோடோன் என்ற ஓபியாய்டு 30 மில்லிகிராம், நாளுக்கு நான்கு என்று சீட்டில் இருந்தது. அது மார்ஃபினைவிட ஒன்றரை மடங்கு வீரியமானது என்பதால் ஒன்றரையால் பெருக்கினால் 180 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமம். மாநில மருந்துப் பதிவேட்டைத் திறந்தபோது, வேறொரு மருத்துவர் எழுதிய பென்சோடயசெபைன் வகைத் தூக்கமாத்திரையும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தால் உறக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடக்கூடும் என்பதால் ஆக்ஸிகோடோன் எழுதிய மருத்துவரை உடனே அழைத்தேன். வலி குறையவில்லை என்று நோயாளி சொல்லச் சொல்ல அளவைக் கூட்டியதாக அவர் சொன்னார். ஆனால் குனிந்து காலணிக் கயிற்றைக்கூடக் கட்ட முடியவில்லை, பகலெல்லாம் நாற்காலியில் தூங்கிவிழுகிறார் என்று மருந்து வாங்க வந்த மனைவி என்னிடம் சொல்லியிருந்தார்.

ஓபியாய்டு மிகையாகி மூச்சு அடங்கும்போது அதை முறியடிக்கும் நலோக்சோன் மருந்தை அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்து, பயன்படுத்தும் முறையையும் காட்டினேன். மருத்துவர் தூக்கமாத்திரை எழுதியவரோடு பேசி, ஆக்ஸிகோடோனைப் பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தார். இயன்முறைச் சிகிச்சைக்கும் துறை ஒப்புதல் தந்தது. ஒப்புதல் கிடைக்காதிருந்தால் அளவைக் குறைத்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அளவுக் கட்டுப்பாட்டை முழுமனதோடு ஆதரிக்கும் எனக்கு, அதன் பெயரால் மருந்தைச் சட்டென்று நிறுத்துவது அச்சமூட்டுகிறது. திடீர் நிறுத்தம், பழகிய மருந்து கிடைக்காமல் உடல் படும் கடும் விலகல் அறிகுறிகளுக்கும் தற்கொலைக்கும் வழிவகுக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்தது. இழப்பீட்டுக் கோப்பைக் கையாளும் அலுவலர்கள், மருந்துக்கான பணத்தை நிறுத்தும் கடிதத்தை அனுப்புமுன் மருந்து எழுதிய மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.