அம்மாவுக்கு மறதி நோய்: ஒன்ராறியோவில் பராமரிப்பு இல்லம் பார்க்கப் போறவைக்கு

மறதி நோய் உள்ள அம்மாவுக்கு நல்ல பராமரிப்பு இல்லத்தை எப்படிப் பார்த்துத் தெரிவு செய்வது என்று ரொறன்ரோப் பக்கம் புதிதாக வந்த சில குடும்பங்கள் கேட்டபடியால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் பி.எஸ்.டபிள்யூ, அதாவது குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டுகிற பராமரிப்பு ஊழியர். டிமென்சியா (மறதி நோய்) உள்ளவை இருக்கிற மாடியில்தான் வேலை, பெரும்பாலும் பின்னேரம் 3 மணியிலிருந்து இரவு 11 வரை. சுற்றிக் காட்டுகிற ஆக்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் என்ர வேலை தொடங்குது.

முதலில் அம்மா எந்த விசாவில் வந்தவர் என்று பாருங்கோ. சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்டநாள் வந்து தங்குகிற வருகை விசா) வந்திருந்தால் ஓஹிப் கார்ட், அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை, கிடைக்காது. ஓஹிப் இல்லாமல் அரசாங்கம் பணம் போடுகிற நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு விண்ணப்பிக்கவும் ஏலாது. ஸ்பொன்சர் பண்ணி நிரந்தர வதிவிடம் கிடைத்திருந்தால் கதை வேறு. அவருக்கு ஓஹிப் உண்டு. முன்பு இருந்த 3 மாதக் காத்திருப்பையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஸ்பொன்சரில் அவரை 20 வருடம் பார்க்கிற பொறுப்புக்கு நீங்கள் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள் என்பதையும் நினைவில் வைத்திருங்கோ.

ரிட்டயர்மென்ற் ஹோம், அதாவது முதியோர் வாடகைக்கு இருக்கிற இல்லம், வேறு. அதற்கு 2010இல் வந்த தனிச் சட்டம், தனி ஆணையம். "மெமரி கெயார்" (மறதி நோய்ப் பராமரிப்பு) என்று பலகை போட்ட அழகான மாடிகள் பல அங்கேதான் இருக்கு. கைக்காசுதான், பராமரிப்புக் கட்டணத்துக்கு உச்சவரம்பும் இல்லை. நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் கட்டணத்தை மாகாணமே தீர்மானிக்குது: சாதாரணப் படுக்கை மாதம் 2,000 டொலருக்குச் சற்று மேலே, தனியறை 3,000ஐ ஒட்டி. லாபத்துக்கு நடத்துகிற இல்லமானாலும் சேவை நிறுவனமானாலும் இந்த விலைதான். வருமானம் குறைந்தவர்களுக்குக் கழிவு இருக்கு, ஆனால் சாதாரணப் படுக்கைக்கு மட்டும். ஆகவே விலையை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது.

நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கான விண்ணப்பம், மாகாண அமைப்பான ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம் ஊடாகப் போகும். 5 இல்லங்கள் வரை பட்டியலில் போடலாம். நெருக்கடி நிலை என்று பதிந்தால் கூடவும் போடலாம். இதில் எங்கட சனம் இடறுகிற இடம் ஒன்று இருக்கு. இடம் வந்துவிட்டது என்று அழைப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும், 5 நாளுக்குள் குடிபோகவேண்டும். வேண்டாம் என்றால் கோப்பையே மூடிவிடுவார்கள். அம்மாவின் நிலைமை பெரிதாக மாறினால் ஒழிய 12 கிழமைக்குத் திரும்ப விண்ணப்பிக்க ஏலாது. கண்ணால் காணாத இல்லத்தைப் பட்டியலை நிரப்புவதற்காகப் போடாதேங்கோ. அழைப்பு எப்போதும் வேலைநாளில், நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போதுதான் வரும்.

இனிப் போய்ப் பார்க்கிற விஷயம். எல்லா இல்லமும் காலை 10, 11 மணிக்குத்தான் கூட்டிக்கொண்டு காட்டும். அந்த நேரம் எல்லாரும் குளித்து உடுத்து இருப்பினம், பாட்டு நிகழ்ச்சி நடக்கும், வரவேற்பறையில் பூச்சாடி இருக்கும். அதைப் பாருங்கோ, பிழையில்லை. பிறகு இன்னொரு நாள் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு, முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை, போக அனுமதி கேளுங்கோ. பொழுது சாயச் சாயத்தான் மறதி நோய்க்காரருக்குப் பதற்றம் கூடும். அதே நேரத்தில்தான் எங்களுக்கும் ஷிப்ட் மாறும், சாப்பாட்டு வேலையும் வரும். அந்த மாடி தன் சுயரூபத்தைக் காட்டுகிற நேரம் அது.

கட்டாயம் ஒருவர் கதவடியில் நிற்பார். "பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்திடும், நான் போகவேணும்" என்று கதவை ஆட்டுவார். பிள்ளைக்கு அறுபது வயதாக இருக்கும். அப்போது ஊழியர் என்ன செய்கிறார் என்று ஒரு மூலையில் நின்று பாருங்கோ. "உங்கட பிள்ளை வளர்ந்திட்டுது அம்மா, போய் இருங்கோ" என்று திருத்துகிறாரா? கையைப் பிடித்து இழுக்கிறாரா? அல்லது பக்கத்தில் நின்று "பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று கேட்டபடி மெல்ல நடத்திக்கொண்டு போகிறாரா? எனக்கு ஒரு இல்லத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் பார்ப்பேன்.

இரவுச் சாப்பாட்டு நேரம் இன்னொரு நல்ல பரிசோதனை. ஊட்டுகிறவர் கதிரையில் இருந்து, கண் பார்த்து ஊட்டுகிறாரா, நின்றபடி இரண்டு பேருக்கு மாறி மாறி வாயில் வைக்கிறாரா? தட்டு தொடாமல் திரும்பிப் போகிறதா? அழைப்பு மணி அடித்தால் எவ்வளவு நேரம் அடிக்குது? மூத்திர வாடையைப் பற்றி எல்லாரும் சொல்வினம். ஒரு அறையில் கொஞ்சம் வாடை இருந்தால் இப்போதுதான் ஒருவர் நனைத்திருப்பார், அது வாழ்க்கை. விறாந்தை முழுக்க, விடியவும் பின்னேரமும், அதே வாடை என்றால் ஆள் பற்றாக்குறை. வாசனைத் தெளிப்பான் மூக்கைத் துளைத்தாலும் நான் சந்தேகப்படுவேன்.

தோட்டம் இருக்கு என்று படம் காட்டுவார்கள். அந்தக் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ. சாவி தேட வேண்டியிருந்தால் அந்தத் தோட்டம் படத்துக்கு மட்டும்தான்.

நிர்வாகியிடம் "ஒருவருக்கு எத்தனை ஊழியர்" என்று பொதுவாகக் கேட்டால் நாளொன்றுக்குச் சராசரி 4 மணி நேர நேரடிப் பராமரிப்பு என்ற மாகாண இலக்கைச் சொல்லுவார். அது மாகாணம் முழுவதுக்குமான சராசரி. உங்கட அம்மாவுக்கு இவ்வளவு என்ற உத்தரவாதம் அதில் இல்லை. பதிவுபெற்ற நேர்ஸ் ஒருவர் 24 மணி நேரமும் கட்டடத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த ஒருவர் எத்தனை மாடிக்கு என்பதுதான் கேள்வி. ஆகவே இப்படிக் கேளுங்கோ: இன்று இரவு 11 மணிக்குப் பிறகு இந்த மாடியில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களில் வெளி நிறுவனம் தற்காலிகமாக அனுப்புகிற ஏஜென்சி ஆக்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு நாளும் அதே முகங்களா வருகிறார்கள்? தெரியாத முகம் உடுப்பைக் கழற்ற வந்தால் டிமென்சியா உள்ள எவரும் அடிக்கத்தான் செய்வார். பிறகு அவருக்கு "முரண்டு பிடிக்கிறவர்" என்று பெயர் விழும், அதன் பின்னால் மாத்திரை வரும்.

மாத்திரையைப் பற்றி வெட்கப்படாமல் கேட்கலாம். மனநோய் கண்டறியப்படாதவர்களுக்கு எத்தனை வீதம் மனநோய் மருந்து கொடுக்கப்படுகிறது என்று கனடிய சுகாதாரத் தகவல் நிறுவனம் இல்லம் இல்லமாகவே வெளியிடுகிறது. விழுதல், படுக்கைப்புண், கட்டிவைத்தல் கணக்குகளும் அதே இடத்தில் இருக்கும். மாகாண சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கோ. கூடவே, பிகேவியரல் சப்போர்ட்ஸ் ஒன்ராறியோ (மறதி நோயால் நடத்தை மாறுகிறவர்களைக் கையாள உதவுகிற மாகாணத் திட்டம்) பயிற்சி பெற்ற ஊழியர் அந்த இல்லத்திலேயே இருக்கிறாரா என்றும் கேளுங்கோ.

மாகாண அமைச்சின் பரிசோதனை அறிக்கைகளும் இணையத்தில் இருக்கு. கொவிட் காலத்தில் உதவிக்குப் போன கனடிய இராணுவம், ஐந்து இல்லங்களில் கண்ட மோசமான நிலைமை பற்றி 2020 மே மாதம் கொடுத்த அறிக்கையை வாசித்தவர்களுக்கு இவை ஏன் முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு குறையும் இல்லாத இல்லத்தை நான் கண்டதில்லை, அதனால் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதேங்கோ. ஒரே குறை அடுத்தடுத்த அறிக்கைகளில் திரும்ப வருகிறதா, சும்மா எழுத்து அறிவித்தலா, திருத்தும்படி கட்டளையா, தண்டப்பணமா என்று பாருங்கோ.

இனி எங்கட விஷயங்கள். இங்கே வந்து படித்த ஆங்கிலம் முதலில் போய்விடும், தமிழ் கடைசிவரை நிற்கும். அதனால் "தமிழ் ஊழியர் இருக்கினமா?" என்ற கேள்வி போதாது. ஸ்காபரோவில் எல்லா இல்லமும் ஓம் என்றுதான் சொல்லும். எந்த மாடியில், எந்த ஷிப்டில் என்று கேட்கவேண்டும். சமையலறையில் வேலை செய்கிற தமிழ் ஆளால் இரவு 2 மணிக்கு ஒரு பலனும் இல்லை. வலி, தண்ணீர், குளிர், கழிவறை ஆகியவற்றுக்கான சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கோ.

சைவச் சாப்பாடு என்றால் பல இல்லங்களில் சீஸ் சான்ட்விச்சும் அவித்த மரக்கறியும்தான். கையால் சாப்பிட விடுவார்களா, வீட்டிலிருந்து புட்டும் சொதியும் கொண்டுவரலாமா, அரைத்துக் கொடுக்கிற நிலை வந்தால் சோறு கறியை அரைத்துத் தருவார்களா என்று கேளுங்கோ. சட்டப்படி கிழமைக்குக் குறைந்தது 2 குளியல். தினமும் தலைக்கு வார்த்த மனிசிக்கு அது காணாது. பெண் ஊழியர்தான் குளிப்பாட்டவேண்டும் என்றால் முதல் நாளே பராமரிப்புத் திட்டத்தில் எழுத வையுங்கோ. தாலிக்கொடி, காப்பு எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

இன்னொன்று யாரும் கேட்காத கேள்வி. ஷெல்லடிக்குள் பங்கரில் இருந்து தப்பி வந்த ஆக்கள் எங்கட பெற்றோர். மாதாமாதம் நடக்கிற நெருப்பு அலாரப் பயிற்சியில் கட்டிலுக்குக் கீழே போன அம்மாவைக் கண்டிருக்கிறேன். வேறு நாட்டு ஊழியருக்கு அது விளங்காது. வாழ்க்கை வரலாறு கேட்கிற படிவத்தில் இதை மறைக்காமல் எழுதுங்கோ. பயிற்சி நடக்கிற நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்க ஏற்பாடு செய்யலாம்.

ஒரு சமூகத்துக்கென்றே நடத்துகிற இல்லங்களும் இருக்கு. உதாரணத்துக்கு, சீன சமூகம் ஸ்காபரோவில் யீ ஹொங் என்ற பராமரிப்பு நிலையத்தை 1994இல் திறந்தது. மொழியும் சாப்பாடும் ஒத்துப்போகிற இல்லங்களுக்கு வரிசை வருடக்கணக்கில் நிற்கும், அதை எண்ணி முன்கூட்டியே பதியுங்கோ.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறபோது இதையெல்லாம் தொடங்க வேண்டி வந்தால் கை கட்டப்பட்டுவிடும். 2022இல் வந்த சட்டத்தின்படி, வைத்தியம் முடிந்தும் ஆஸ்பத்திரியில் இருப்பவரை நீங்கள் தெரிவு செய்யாத இல்லத்துக்கும் அனுப்பலாம், தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றர் தூரம் வரை. போகமாட்டேன் என்றால் ஆஸ்பத்திரி நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடும்.

சகோதரங்கள் உள்ள வீட்டுக்கு: அம்மாவுக்குத் தீர்மானிக்கிற ஆற்றல் இருக்கும்போதே, பராமரிப்புக்கான அதிகாரப் பத்திரத்தை (பின்னால் அவருக்காக யார் தீர்மானிக்கலாம் என்று சொல்கிற பத்திரம்) எழுதிவிடுங்கோ. இல்லாவிட்டால், அப்பாவும் இல்லையென்றால், பிள்ளைகள் எல்லாரும் சம உரிமைக்காரர். லண்டன் அண்ணாவும் பாரிஸ் தங்கச்சியும் சண்டை பிடித்து முடிவு வராவிட்டால், கடைசியில் அரசாங்கப் பொதுப் பாதுகாவலர் அலுவலகம் தீர்மானிக்கும். வருடத்துக்கு ஒருக்கால் வாட்ஸ்அப்பில் முகம் காட்டுகிறவைதான் "அம்மாவை ஹோமிலே போட்டிட்டீங்கள்" என்று முதலில் சொல்லுவினம். அதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காதேங்கோ.

சேர்ந்து 6 கிழமைக்குள் பராமரிப்புக் கூட்டம் ஒன்று வைக்கவேண்டும் என்பது சட்டம். தேதி தராவிட்டால் நீங்களே கேளுங்கோ. போகும்போது சேர்ந்த நாளின் எடையையும் இன்றைய எடையையும், புதிதாகத் தொடங்கின மாத்திரைகளின் பட்டியலையும், எத்தனை தரம் விழுந்தார் என்ற கணக்கையும் எழுத்தில் கேளுங்கோ. மாடியில் வேலை செய்கிற பி.எஸ்.டபிள்யூ ஒருவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கவேண்டும் என்று சொல்லுங்கோ. அம்மா எப்போது சிரிக்கிறார், எப்போது சாப்பிட மறுக்கிறார் என்பதெல்லாம் கோப்பில் இராது, எங்களிடம்தான் இருக்கும்.