மரவட்டை வயிற்றுக்குள் யார் யார்? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

குமரி டீச்சர்:

ஐப்பசி மழை ஓய்ந்ததும் எங்கள் பள்ளி மதிலில் செம்பழுப்பு மரவட்டைகள் ஏறத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு அது ரயில்பூச்சி. தொட்டுச் சுருள வைப்பதுதான் இடைவேளையில் வேலை. சரி, சும்மா சீண்டுவதற்குப் பதில் வளர்த்துப் பார்க்கட்டும் என்று உடைந்த மீன்தொட்டி ஒன்றில் மண்ணும் சருகும் போட்டுக் கொடுத்தேன்.

பச்சை இலையை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று உதிர்ந்த பலா இலைக்கும் மரியாதை இல்லை. அதே இலை ஈரத்தில் கிடந்து கறுத்து, வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த பிறகு ஒரே ராத்திரியில் நரம்பை மட்டும் விட்டுவைத்தன. அப்புறம் ஒரு பையன் கத்தினான்: "டீச்சர், இது தன் பீயையே தின்னுது!" வகுப்பே தொட்டியைச் சுற்றிக் கூடிவிட்டது. உண்மைதான், உருண்டை உருண்டையாகப் போட்ட புழுக்கையை அவையே மறுபடி தின்றுகொண்டிருந்தன.

மாட்டுக்கு இரைப்பையில் நுண்ணுயிரிகள் புல்லைச் செரிக்க உதவுவதுபோல மரவட்டைக்கும் உண்டு என்று பாடத்தோடு சேர்த்துச் சொல்லிவிடலாமா? வளர்த்தவர்கள், அறுத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

றைன்கரையான்:

டீச்சர், நான் ஜெர்மனியில் இருக்கிறேன். மகளின் பிறந்தநாளுக்கு நாய் கேட்டவளை ஒருவாறு சமாளித்து, மரவட்டையில் கொண்டுவந்து நிறுத்தினோம். கறுப்பு உடம்பு, சிவந்த கால்கள். கிழக்கு ஆபிரிக்கக் கரையோரத்து இனம், எபிபோலஸ் புல்கிரிபெஸ் என்று பெயர். இங்கே இதை வளர்க்கிற ஆட்கள் நிறைய.

கடைக்காரர் சாமான்களைவிட அறிவுரைதான் அதிகம் தந்தார். பீச், ஓக் மரத்து உக்கிய சருகு, கையால் நசுக்கினால் உதிர்கிற வெள்ளை உக்கல் மரம், சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது, மண் மாற்றும்போது பழைய மண்ணில் பாதியைப் புழுக்கையோடு அப்படியே திருப்பிப் போடவேண்டும் என்பது. குட்டிகள் இருக்கும் பெட்டி என்றால் கை வைக்கவே வேண்டாமாம். புழுக்கைதான் குட்டிகளின் முதல் சாப்பாடு, அதிலிருந்துதான் குடலுக்கு வேண்டிய கிருமிகளும் வருகின்றன என்றார். தாயிடம் வாங்கிய உறைமோரில் மகள் வீட்டுத் தயிர் உறைகிற மாதிரி என்று மனைவி சொன்னாள். மகளுக்கு அது பிடிக்கவில்லை, அன்றைக்குத் தயிர் சாப்பிடவில்லை.

இன்னொன்று. இவை சட்டை கழற்றும்போது வெளித்தோல் மட்டும் போவதில்லை. பின்குடலின் உள்வரியும் அதே தோலின் தொடர்ச்சிதான், அதுவும் சேர்ந்து கழன்றுவிடும். அதில் ஒட்டியிருந்த நுண்ணுயிரிகளும் போய்விடும். பிறகு உரித்த தோலையும் புழுக்கையையும் தின்று ஆட்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் மாணவன் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தென்னந்தோப்பு:

எங்கள் நார்க்கழிவுக் குவியல் முழுக்க இதே சிவப்பு மரவட்டைதான். பிரேசிலில் எம்பிராபா என்கிற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதே டிரிகோனியூலஸ் கோரலினஸ் இனத்தை வைத்து நாற்றங்காலுக்கு உரம் தயாரிக்கிறது, பெயர் கோங்கோகம்போஸ்டோ. நம் பக்கத்துப் பூச்சி கப்பலேறிப் போய் அங்கே உத்தியோகம் பார்க்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம். கையில் எடுத்தால் அயோடின் வாடையோடு ஒரு பழுப்புக் கறை விடுகிறதே, சோப்புப் போட்டாலும் போவதில்லை. அவ்வளவு காரமான சாற்றை வைத்துக்கொண்டு வயிற்றுக்குள் கிருமிகளை எப்படி வாழவிடுகிறது?

லேப் கோட்டு:

தோப்புக்கார அண்ணனுக்கு முதலில். அந்தச் சாறு பென்சோகுவினோன் வகை, கிருமிகளுக்கு ஆகாததுதான். ஆனால் அதன் சுரப்பிகள் உடம்பின் இரு பக்கமும் வரிசையாக வெளியேதான் திறக்கின்றன. குடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு மரவட்டையை அறுத்துப் பார்த்திருக்கிறேன். வாயிலிருந்து வால்வரை குடல் நேராக ஒரே குழாய், மாட்டுக்கு இருப்பதுபோல அறை அறையாக எதுவும் இல்லை. நடுக்குடலில் பெரிதாக ஒன்றும் இல்லை. பின்குடலைக் கிழித்து ஒரு சொட்டு உப்புநீரில் விட்டதும் ஸ்லைடில் இடம் போதவில்லை. முதலில் நெளிந்தவை நூற்புழுக்கள். நோய் என்று நினைத்தேன். சீனியர் அக்கா சிரித்தார்: "அதெல்லாம் வாடகைக்கு இருக்கிறதுங்கடா, பாக்டீரியாவைத் தின்னுட்டுப் போகும்." அப்புறம் சிலியேட்டுகள் என்கிற ஒருசெல் உயிரிகள் சுழன்று சுழன்று ஓடின. காற்றுப் பட்டதால் கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிட்டன. குடல் சுவரிலிருந்து மெல்லிய இழைகள் கொத்தாக முளைத்து நின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், ஏதோ செடி முளைத்திருக்கிறது என்றுதான் தோன்றும்.

1849இல் பிலடெல்ஃபியாவில் ஜோசப் லெய்டி என்ற இயற்கை ஆராய்ச்சியாளருக்கும் அப்படித்தான் தோன்றியது. அமெரிக்க மரவட்டை ஒன்றின் குடலில் இருந்த இந்த இழைகளுக்கு என்டெரோபிரயஸ் என்று பெயர் வைத்தார். விலங்கின் உள்ளே எது வளர்ந்தாலும் வியாதி என்று நினைத்த காலத்தில், நல்ல ஆரோக்கியமான உயிரிலும் இவை இயல்பாகவே இருக்கின்றன என்று அவர் அறிவித்ததுதான் பெரிய சங்கதி. இந்த இழைகளை நெடுங்காலம் பூஞ்சை என்றே நினைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு, விலங்கும் பூஞ்சையும் பிரிந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருசெல் உயிரிகளோடு சேர்த்துவிட்டார்கள்.

இப்போது டீச்சர் கேட்டதற்கு வருகிறேன். மாடு என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்படி நினைக்க நியாயம் இருந்தது. 1994இல் நெதர்லாந்தில் ஹாக்ஸ்டைன், ஸ்டும் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஏராளமான கணுக்காலிகளைச் சோதித்தபோது கரையான், கரப்பான், சாணவண்டுக் குடும்பம், மரவட்டை இவற்றிடமிருந்து மீத்தேன் வந்தது. மாடு ஏப்பத்தில் விடுகிற அதே வாயு. காற்றில்லாத பின்குடலில் நொதித்தல் நடக்கிறது என்பதற்கு அது அடையாளம். அப்படியென்றால் இலையின் நார்ப்பொருளான செல்லுலோஸை உடைத்து மரவட்டைக்கு ஊட்டுவதும் இந்த நுண்ணுயிரிகள்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இதை நேரடியாகச் சோதித்தது செக் அறிவியல் அகாடமியின் ஒரு குழு, 2024இல் வெளிவந்தது. எடுத்துக்கொண்ட இனங்கள் இரண்டு. ஒன்று றைன்கரை அண்ணன் வீட்டில் இருக்கும் அதே எபிபோலஸ், மீத்தேன் விடுவது. இன்னொன்று ஐரோப்பாவின் உருண்டை மரவட்டை குளோமெரிஸ், மீத்தேன் விடாதது. சிலவற்றுக்குக் கிருமி நீக்கிய சருகு, சிலவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் கலந்த சருகு. குடலில் நுண்ணுயிரிகளின் அளவும் கலவையும் மாறின. புழுக்கை போடுவது குறைந்தது. எபிபோலஸின் மீத்தேனும் இறங்கியது. ஆனால் எடையிலோ உயிர் பிழைப்பதிலோ வித்தியாசம் இல்லை! மாட்டுக்கு இரைப்பை நுண்ணுயிரிகளை இப்படிக் குலைத்தால் அது சுருண்டு படுத்துவிடும்.

அவர்கள் வந்து சேர்ந்த முடிவு, சருகை நொதிக்க வைத்துக் கிடைக்கும் வரும்படி மரவட்டைக்குக் கொஞ்சம்தான், சருகின் மேல் வளர்ந்திருக்கும் நுண்ணுயிரிகளே முக்கியமான சாப்பாடு என்பது. உங்கள் பலா இலை காத்திருந்தது அதற்குத்தான் டீச்சர். பாதிச் சமையல் இலை மேலேயே நடந்துவிடுகிறது, பூஞ்சையே உணவாகவும் ஆகிறது. புழுக்கையைத் தின்பதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். வெளியே வந்த உருண்டையில் நுண்ணுயிரிகள் மறுபடி பெருகுகின்றன, அது இன்னொரு வேளைச் சாப்பாடு. குடலுக்கு ஆள் சேர்ப்பது கூடவே நடக்கும் காரியமாக இருக்கலாம்.

றைன்கரையான்:

தம்பி, அப்படியென்றால் கடைக்காரர் சொன்னது பொய்யா? எடை குறையவில்லை என்பதற்காக அந்தக் கிருமிகளால் பயனே இல்லை என்று எப்படிச் சொல்வது? சோதனைக்கூடத்தில் வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது. காட்டில் பஞ்ச காலமும் உண்டே. நான் பழைய மண்ணைப் பாதி போடுவதாகத்தான் இருக்கிறேன்.

லேப் கோட்டு:

பொய் இல்லை அண்ணா, போடுங்கள். நான் மறுப்பது மாடு கதையை மட்டும்தான். புழுக்கை எப்படிப் பார்த்தாலும் குட்டிக்கு நல்ல தீனி.

குமரி டீச்சர்:

இரண்டு தொட்டி வைக்கப் போகிறோம். ஒன்றில் பூஞ்சை பிடித்த சருகு, இன்னொன்றில் அதே சருகைக் குக்கரில் வேகவைத்தது. எதில் புழுக்கை அதிகம் என்று பிள்ளைகள் எண்ணட்டும்.

லேப் கோட்டு:

வேகவைத்த சருகிலும் சீக்கிரமே பூஞ்சை வந்துவிடும், அடிக்கடி மாற்றுங்கள். எடை பார்க்கச் சமையல் தராசு ஆகாது, நகைக்கடையில் இருப்பதுபோல ஒன்று வேண்டும். குக்கரைச் சத்துணவு அக்காவிடம் கேட்கப் போகிறீர்கள் என்றால், எதற்கு என்று மட்டும் சொல்லாதீர்கள்.