சீரத்தை நிறுத்தியதும் சிஎச்ஓ-கே1 செல்கள் படுத்துவிடுகின்றன, ஏன்?

கன்ஃப்ளுவென்ட்_கண்ணு: எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்காக சிஎச்ஓ-கே1 (சீன ஹாம்ஸ்டரின் சூலகத்திலிருந்து வந்த செல்) வளர்க்கிறேன். டிஎம்இஎம் மீடியமும் (செல்லுக்கான சத்துத் திரவம்) 10% சீரமும் (ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) இருந்தவரை பிரச்சினையே இல்லை. ஆனால் செல் வெளியே விடும் புரதத்தைப் பிரிக்கப் போனால் ஜெல் முழுக்க சீரத்தின் ஆல்புமின்தான் தெரிகிறது. அதனால் சீரத்தை விட்டுவிட்டு இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் மூன்றும் சேர்த்த கலவை போட்டேன். இரண்டு நாள் ஒட்டிக்கொண்டிருந்தன, அப்புறம் பெருகவே இல்லை, நாலாம் நாள் மிதக்கின்றன. அதே மீடியத்தில் சீனியர் அக்காவின் ஹீலா (மனிதப் புற்றுநோய் செல்) ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. கலவை கெட்டுப்போயிருக்குமோ?

பழைய_ஹூட்: கலவை மேல் பழி போடாதீர்கள். உங்கள் மீடியத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இல்லை. சிஎச்ஓ-கே1 அதைத் தானே தயாரிக்க முடியாத செல். இதுவரை சீரத்தில் இருந்த கொஞ்சநஞ்ச புரோலின்தான் காப்பாற்றியிருக்கிறது. 1955-இல் ஹாரி ஈகிள் வளர்ப்பு செல்களுக்கு 13 அமினோ அமிலங்கள் கட்டாயம் என்று கண்டதே ஹீலாவையும் எலியின் எல் செல்லையும் வைத்துத்தான், அதில் புரோலின் கிடையாது. டிஎம்இஎம் அந்த வழியில் வந்த மீடியம். அக்காவின் ஹீலா ஏன் பிழைக்கிறது என்று இப்போது புரிகிறதா? எஃப்-12 என்ற மீடியம் வேறு கதை. ரிச்சர்ட் ஹாம் 1965-இல் சிஎச்ஓவை மனதில் வைத்தே செய்தது, லிட்டருக்கு 34.5 மி.கி. புரோலின் உண்டு, துத்தநாகம், லினோலெயிக் அமிலம், புட்ரெசின்கூட உண்டு. டிஎம்இஎம்மையும் எஃப்-12ஐயும் பாதிக்குப் பாதி கலந்து அதில் உங்கள் கலவையைப் போடுங்கள்.

கன்ஃப்ளுவென்ட்_கண்ணு: அட, ஃப்ரிட்ஜில் 'அத்தியாவசியமல்லாத அமினோ அமிலங்கள்' பாட்டில் இருக்கிறது. பெயரைப் பார்த்து எதற்கு என்று தொடவேயில்லை!

பழைய_ஹூட்: அந்தப் பெயர் பலரைக் கவிழ்த்திருக்கிறது. அதில் புரோலின் இருக்கிறது, இன்றைக்கே 1% சேர்த்துப் பாருங்கள். ஆனால் லினோலெயிக் அமிலமும் துத்தநாகமும் அதில் வராது, அதற்கு எஃப்-12தான்.

டிரிப்சின்_ராணி: புரோலின் சரி, ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று முடிக்க மாட்டேன். பாஸேஜ் செய்யும்போது (செல்களைப் பிரித்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றும்போது) டிரிப்சினை, அதாவது ஒட்டிய செல்லைக் கழற்றும் நொதியை, எப்படி நிறுத்துகிறீர்கள்? சீரத்தில் இருக்கும் தடுப்பான்கள்தான் அதை அடக்கும். சீரம் இல்லையென்றால் டிரிப்சின் செல்லை அரித்துக்கொண்டே இருக்கும், சோயாபீன் டிரிப்சின் தடுப்பான் போட்டுச் சுழற்றிக் கழுவ வேண்டும். ஒட்டுவதற்கான ஃபைப்ரோனெக்டினும் சீரத்தோடு போய்விட்டது, ஃபிளாஸ்க்கில் பூசிப் பாருங்கள். இன்னொன்று, 10%-லிருந்து ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கு இறங்கினீர்களா? 5, 2.5, 1 என்று ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பாஸேஜ் இருக்கட்டும்.

கன்ஃப்ளுவென்ட்_கண்ணு: ஒரேயடியாகத்தான் இறக்கினேன் 🙈 டிரிப்சினையும் வெறும் மீடியம் ஊற்றித்தான் நிறுத்தினேன். செலினியத்தையாவது விட்டுவிடலாமா? நானோமோலார் அளவுதானே?

டிரிப்சின்_ராணி: வேண்டவே வேண்டாம். பெராக்சைடை அழிக்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸுக்கு அது வேண்டும், டிஎம்இஎம், எஃப்-12 இரண்டிலுமே கிடையாது. இறங்க ஆரம்பிக்கும் முன் சீரத்தில் வளர்ந்த செல்லில் நாலைந்து சிறு குப்பி உறைய வைத்துவிடுங்கள்.