மறு: சுவஸ்திகத்துக்கும் நாஜிக் குறிக்கும் ஒரே சொல் வேண்டாம்

எல்லாருக்கும் வணக்கம், நாங்கள் மொழிபெயர்க்கிற செயலியில நாஜிக் குறிக்கு என்ன சொல் போடுறது எண்டு குழுவில வந்த கருத்துகளுக்கு என்ர பதில் இது.

> இடப்பக்கம் திரும்பினா நாஜிக் குறி, வலப்பக்கம் திரும்பினா எங்கட குறி. ‘இடச்சுவஸ்திகம்’ எண்டு போட்டா விசயம் முடிஞ்சுது.

முடியாது தம்பி. ஹிட்லரின்ர கட்சி 1920ல எடுத்த கொடியில கிடக்கிறதும் வலப்பக்கம் திரும்பினதுதான், வெள்ளை வட்டத்துக்குள்ள கறுப்பில 45 பாகை சரிச்சுப் போட்டிருக்கிறாங்கள், அவ்வளவுதான். ஜப்பான்காரர் வரைபடத்தில புத்த கோயிலைக் காட்டப் போடுறதுதான் இடப்பக்கம் திரும்பினது, திபெத்தில ‘பொன்’ (Bon) எண்ட பழைய சமயத்தவையும் அப்பிடித்தான் போடுகினம். உங்கட சொல்லை எடுத்தா நாஜி தப்பிடுவான், கோயில் மாட்டுப்படும். கணினி எழுத்துகளுக்கான பொது நியமமான யூனிகோட்டில திபெத்திய எழுத்துகளோட 2009ல சேர்த்த நாலு சுவஸ்தி குறியில ரெண்டு வலம், ரெண்டு இடம், நாலுமே சமயக் குறிதான். அதுகளுக்கு வலஞ்சுழி, இடஞ்சுழி எண்டு போடுவம், பிள்ளையாரின்ர தும்பிக்கைக்குச் சொல்லிப் பழகின சொல்லு, ஆருக்கும் விளங்கும்.

என்ர கவலை வேற. நாங்கள் மொழிபெயர்க்கிற செயலியில ‘வெறுப்புக் குறிகள்’ பட்டியல்ல மொட்டையா ‘சுவஸ்திகம்’ எண்டு கிடக்கு. இஞ்ச கிளிநொச்சியில நடனம் படிக்கிற சின்னப்பிள்ளையள் இரட்டைக்கை முத்திரை பாடமாக்கேக்க அஞ்சலி, கபோதம், கர்க்கடகம், சுவஸ்திகம் எண்டுதான் சொல்லுறவை, விரலுகளைச் சேர்த்து நீட்டின ரெண்டு பதாகக் கையையும் மணிக்கட்டில குறுக்கால வைச்சுக் காட்டுவினம். அந்தப் பிள்ளை நாளைக்குப் போனைத் திறந்து அதே சொல்லை வெறுப்பு எண்டு வாசிக்கிறதோ? ‘சு’ எண்டா நல்லது, ‘அஸ்தி’ எண்டா இருக்கு, நலம் உண்டாகட்டும் எண்டு வாழ்த்துற குறி அது. சமணர் அதின்ர நாலு கையிலயும் தேவர், மனிசர், விலங்கு, நரகர் எண்டு நாலு பிறப்பைப் பாக்கினம், ஏழாவது தீர்த்தங்கரர் சுபார்சுவநாதருக்கு அதுதான் அடையாளம். புத்தர் பாதச் சிற்பங்களில சக்கரத்தோட அதுவும் இருக்கு, யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில எடுத்த பழைய செப்புக்காசில ஒரு பக்கம் யானை, மற்றப்பக்கம் சுவஸ்திகம். இவ்வளவையும் ஒரு பன்னிரண்டு வருச ஆட்சிக்காக விட்டுக்குடுக்க என்னால ஏலாது. ஜெர்மன்காரரே தங்கட மொழியில அதை ஹாக்கன்குரொய்ஸ், அதாவது கொழுக்கிச்சிலுவை எண்டுதான் சொல்லுகினம், அவுஸ்திரேலியாவில விக்டோரியா மாநிலம் 2022ல தடைச்சட்டம் கொண்டுவரேக்கயும் அந்தப் பேரைப் போட்டு, இந்து, பௌத்த, சமணப் பாவனைக்குத் தடையில்லை எண்டு பிரிச்சுத்தான் எழுதினது.

> அப்ப நேரா ‘கொழுக்கிச்சிலுவை’ எண்டு விடுவமே?

அக்கா, கொழுக்கி நல்ல சொல்லு, கொழுக்கிப்புழு எண்டு விஞ்ஞானப் புத்தகத்திலயே படிச்சதுதானே, ஜெர்மன் பேரின்ர முன்பாதியும் அதுதான். சிலுவையைத்தான் நான் வேண்டாமெண்டுறன். ஒரு சமயத்தின்ர குறியைக் காப்பாத்தப் போய் இன்னொரு சமயத்தின்ர குறியில கொண்டுபோய்ச் சாத்தக்கூடாது, வன்னியில வேதக்காரச் சனம் எவ்வளவு இருக்கு. அதோட ‘செஞ்சிலுவை’ எண்ட சொல்லை இந்தச் சனம் காயம்பட்ட ஆக்களை ஏத்தின நேரத்தில வாயால சொல்லிக் கூப்பிட்டது. அந்தச் சிலுவையை ஹிட்லரின்ர குறிக்குப் பக்கத்தில வைக்க எனக்கு மனம் வரேல்ல.

அதால என்ர முன்மொழிவு ‘கொழுக்கிக்குறி’. முதல் தரம் வாற இடத்தில ‘நாஜிக் கொழுக்கிக்குறி’ எண்டு முழுசாப் போடுவம், பிறகு சுருக்கலாம். ‘சுவஸ்திகம்’ சமயக் குறிக்கு மட்டும். இதைவிட நல்ல சொல் ஆரிட்டயும் இருந்தா இந்தக் கிழமைக்குள்ள எழுதுங்கோ, இல்லாட்டி சொற்பட்டியல்ல இதையே ஏத்திவிடுறன்.