கோணல் கட்டமும் கீழே விழுந்த மாங்காயும்: வீட்டுத் தையல் அனுபவங்கள்

செம்பூரிலிருந்து

வீட்டில் தைத்த கோதடியில் எந்த இடம் கோணலோ, அந்த இடத்துக்குத்தான் ஒரு கதை இருக்கும். நேராக வந்த வரிசைகளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதனால்தான் இந்தத் திரியைத் தொடங்குகிறேன்.

தெரியாதவர்களுக்காக: மும்பையில் மராத்திக்காரர்கள் வீட்டில் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவார்கள். அதுதான் கோதடி. பஞ்சு கிடையாது, உள்ளேயும் துணிதான். அவர்களுடைய நௌவாரிச் சேலையும் நம் மடிசாரும் ஒன்பது கஜம் என்பதால், என் மாமியாரின் பெட்டியில் இருந்த பழைய பருத்திப் புடவைகளைப் பார்த்ததும் எங்கள் மாடியில் இருக்கும் ஆஜிக்கு (மராத்தியில் பாட்டி) முகமெல்லாம் சிரிப்பு. அத்தைக்குத் தைக்கக் கற்றுக்கொடுத்தது அந்த ஆஜிதான்.

மேல் அடுக்குக்கு மாங்காய் அச்சுப் போட்ட புடவையைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டினார் அத்தை. முழுக்கத் தைத்து, வெயிலில் விரித்த பிறகுதான் தெரிந்தது, ஒரு கட்டம் மட்டும் தலைகீழ். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. பிளேடை எடுத்து வரச் சொல்லிவிட்டார். அப்போது ஆஜி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மற்றதெல்லாம் மரத்தில் இருக்கு, இது ஒண்ணுதான் பழுத்துக் கீழே விழுந்திருக்கு, விடு" என்றார். அத்தை சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இன்றைக்கும் என் பையன் தூங்குவதற்கு முன்னால் விழுந்த மாங்காய் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் படுப்பான்.

இன்னொரு நாள் தரையில் உட்கார்ந்து ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். கேஸ் சிலிண்டர் வந்து மணி அடித்தது. எழுந்து நடந்தால் கோதடியும் கூடவே வருகிறது! மடியில் இருந்த புடவையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார். சிலிண்டர் கொண்டுவந்த தம்பி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாரத்தை இறக்கி வைத்துவிட்டு, கல்யாணப் பெண்ணின் முந்தானையைப் பிடிப்பதுபோல் அதன் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் பின்னாலேயே போனார். இதை அத்தை சொல்லிக் கேட்க வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் அவரே நடித்துக் காட்டுவார்.

உங்கள் வீட்டுக் கதைகளையும் எழுதுங்கள்.

முலுண்டிலிருந்து

சிலிண்டர் தம்பிக்கு ஒரு கும்பிடு.

எங்கள் அக்கா மெஷினில் சதுரம் சதுரமாக இணைத்துத் தைப்பாள். ஒரு போர்வையின் நடு வரிசையை மட்டும் அவள் மகள் தைத்தாள். அந்த வரிசை மட்டும் மற்றதைவிட ஓர் அங்குலம் குட்டை. எப்படி என்று வீடே மண்டையைக் குடைந்தது. அத்திம்பேர் பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்துவிட்டார். ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். அதில் வெறும் 1/16 அங்குலம் உள்ளே தள்ளிப் போனால், இரண்டு பக்கத் துண்டிலும் சேர்த்து 1/8 அங்குலம் போய்விடும். வரிசையில் 9 சதுரம் என்றால் நடுவில் 8 தையல். கணக்கு முடிந்தது: சரியாக 1 அங்குலம். கண்ணுக்குத் தெரியாத அளவு எட்டு தடவை கூடினால் இப்படி ஆகிறது.

பிரிக்காமல் அக்கா அந்த இடைவெளிக்கு ஒரு பச்சைக் கட்டம் போட்ட துணியை வைத்துத் தைத்துவிட்டாள். பொருத்தமாகவே இல்லை, ஆனால் அழகாக இருந்தது. விருந்தாளி ஒருவர் "இது எங்கே வாங்கின துணி?" என்று கேட்டபோது அத்திம்பேர் எட்டிப் பார்த்தார். ஒரு வாரமாக அவர் தேடிக்கொண்டிருந்த லுங்கி!

டோம்பிவிலியிலிருந்து

சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூலை மழை, துணி எதுவும் காயாத நேரம். புதுச் சிவப்புத் துணி வைத்துத் தைத்த போர்வையை என் தங்கை வாஷிங் மெஷினில் போட்டாள், கூடவே தாத்தாவின் நாலு முழ வேட்டி. வேட்டி இளஞ்சிவப்பு. தாத்தா அதைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து கோயிலுக்குப் போனார். அங்கே இரண்டு பேர் எந்தக் கடையில் வாங்கினது என்று விசாரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வெள்ளை வேட்டி கொடுத்தால் "அது எங்கே?" என்கிறார்.

ஒரு கேள்வி. போர்வையில் இருந்த வெள்ளைக் கட்டங்களும் நிறம் மாறிவிட்டன. பிரித்து மாற்றலாமா, விட்டுவிடலாமா?

செம்பூரிலிருந்து

விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. இனிமேல் தைப்பதற்கு மட்டும், சிவப்பு, கருநீலத் துணிகளை முதலில் தனியாக அலசுங்கள். அப்புறம் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் இன்னொரு முறை அலச வேண்டும். பருத்தி முதல் அலசலில் சுருங்கவும் செய்யும், அதற்கும் இது நல்லது.

எதைப் பிரிக்க வேண்டும் என்பதில் ஆஜி கறார். துணியின் ஓரத்தை ஊசி நூலளவுதான் பிடித்திருக்கிறது என்றால் அது பிரிக்க வேண்டிய தையல், இரண்டு துவையலில் விட்டுவிடும். அடிப்பக்கம் நூல் வளையமாகத் தொங்கினாலும் பிரிக்கச் சொல்வார், குழந்தையின் கால்விரல் மாட்டும். இப்படிப்பட்டதை அவர் சிரித்துக்கொண்டு விட்டதே இல்லை. வரிசை வளைந்தது, நிறம் சேராதது, மாங்காய் விழுந்தது, இவற்றுக்கு அவரிடம் பிளேடு கிடையாது.

பெரிய கைகாரர்கள் கடவுள் மட்டுமே குறையில்லாதவர் என்று வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார்கள் என்று அமெரிக்கப் போர்வைகளைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. அந்த வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். எனக்கும் அந்தக் கதை பிடிக்கவில்லை. பிழையை யாராவது திட்டம் போட்டு வைப்பார்களா? அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளை வெட்டி, கோடு வளைய வளையத் தைத்தார்கள், குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான். 2002-ல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் அவை சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலையாகவும் போட்டது. அந்த வளைவுகளை யாரும் நிமிர்த்தச் சொல்லவில்லை.

டோம்பிவிலிக்காரரே, தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். அந்த வேட்டி நைந்துபோகும்போது எனக்கு வேண்டும். அத்தை அடுத்த கோதடிக்கு இளஞ்சிவப்பில் ஓரம் தேடிக்கொண்டிருக்கிறார்.