போதையை விடறதுக்கான சிகிச்சையில வர்ற குதிரை செஷன்ல மறக்க முடியாத ஒரு நிமிஷம், உங்களுக்கு எது?

பதிவு 1
கவுன்சிலர் பக்கத்துல இருக்க, குதிரையோட சின்னச் சின்ன வேலை செஞ்சு நம்ம மனசைப் புரிஞ்சுக்கறதுதான் செஷன். நேரா விஷயத்துக்கு வர்றேன். கயிறு இல்லாம குதிரையை அந்தப் பக்கம் நடத்திட்டுப் போகணும். கூப்பிட்டேன், கெஞ்சினேன், அசையல. "நான் நல்லாத்தான் இருக்கேன்"னு கவுன்சிலர்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பிச்சு. அப்புறம் ரெண்டு எட்டு பின்னாடி போயிடுச்சு. "உங்க கையைப் பாருங்க"ன்னாங்க கவுன்சிலர். முஷ்டி, நகம் உள்ளங்கையில பதிஞ்சிருக்கு. குடிச்ச காலம் பூரா வீட்டை அந்தச் சிரிப்பாலதான் சமாளிச்சேன். இந்தக் குதிரை மட்டும் ஏமாறல.

பதிவு 2
ஏமாறலங்கறது ஓவர். குதிரை பொய்யைக் கண்டுபிடிக்கிற மெஷின் இல்ல, மத்த மிருகத்துக்கு இரையாகிற இனம். பக்கத்துல ஒரு உடம்பு விறைச்சா விலகும். அதுக்கு ஏறக்குறைய 350 டிகிரி பார்வை, ஆனா மூக்குக்கு நேர் முன்னாடி மறைவு. நீங்க அங்க நின்னிருப்பீங்க. என் கதை சின்னது: நான் அழுதேன், அது பாட்டுக்கு மேஞ்சுது. யாரும் அறிவுரை சொல்லாத ஒரே மணி நேரம் அதுதான்.

பதிவு 1
தோள் பக்கம்தான் நின்னேன், அதனாலதான் காது தெரிஞ்சது. அடுத்த தடவை கையை விரிச்சு வெச்சுக்கிட்டு அதே பொய்யைச் சொல்லிப் பார்க்கறேன்.

பதிவு 3
என் தம்பிக்கு செஷன்ல, குளம்புல சிக்கின மண்ணைக் கிளறி எடுக்கிற வேலை கொடுத்தாங்க. குதிரை காலைத் தூக்கி அவன் கையிலயே வெச்சிடுச்சாம். "என்னை நம்பி"ன்னான், அதுக்கு மேல பேசல.

யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். லாயத்துக்குப் போறோம்னு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க. தினமும் நிறைய குடிச்சவங்க குடியைத் திடீர்னு விட்டா வலிப்பு வரலாம், பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள்ள. அப்புறம் வர்ற குழப்பமும் நடுக்கமும் முத்தினா உயிருக்கே ஆபத்து. அதை டாக்டர்தான் பார்க்கணும், குதிரை இல்ல. 2015ல நார்வேயில இருக்கிற ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை ஆய்வுல குதிரை சிகிச்சைக்குப் போன இளைஞர்கள்தான் அதிகமா போதை சிகிச்சையை முழுசா முடிச்சாங்க. ஆனா ஆளுங்களைக் குலுக்கல் முறையில பிரிச்ச ஆய்வு இல்ல அது, விருப்பம் இருந்தவங்களே போயிருக்கலாம். பதிவு 2 இதுக்கும் சண்டைக்கு வருவார், வரட்டும். சேரும்போது குதிரை தெரிஞ்சவர் ஒருத்தர், மனநல சிகிச்சையாளர் ஒருத்தர், ரெண்டு பேரும் கூடவே இருப்பாங்களான்னு கேளுங்க. 1999ல தொடங்கின ஈகாலா (EAGALA)ங்கற குதிரை சிகிச்சை அமைப்போட முறையில அப்படித்தான், சவாரியே கிடையாது. ஆஸ்துமா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. செருப்போட மட்டும் போகாதீங்க, குதிரை மிதிச்சா விரல் போயிடும்.