டிசம்பர் பனிச்சறுக்கு: நிசேக்கோவா, யொங்பியொங்கா, குல்மார்க்கா?

பொங்கோல்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறையில், டிசம்பர் இரண்டாம் வாரம், சிங்கப்பூரிலிருந்து ஒரு வாரத்துக்குக் கிளம்பலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, மகன் (12), மகள் (8), என் அம்மா (71). ஒருவரும் ஸ்கீ பலகையில் ஏறியதில்லை. அம்மா சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. மகன் ஸ்கீ பழகியே தீருவேன் என்கிறான். மனைவி ஜப்பானின் நிசேக்கோ என்கிறார், அண்ணன் காஷ்மீரின் குல்மார்க் என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஹொக்கைடோ_பித்தன்:
நிசேக்கோதான், யோசிக்கவே வேண்டாம். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, நிசேக்கோ இருக்கும் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் மலைகளில் கொட்டுகிறது. ஒரு பருவத்துக்குச் சுமார் 15 மீட்டர் பனி. மாவு மாதிரி இருக்கும், விழுந்தால் வலிக்காது. ஹிராஃபு, ஹனஸோனோ, நிசேக்கோ வில்லேஜ், அன்னுபுரி என்று அங்குள்ள நான்கு சறுக்கு இடங்களையும் ஒரே பாஸில் சுற்றலாம். ஆஸ்திரேலியர்கள் நிறைய வருவதால் ஆங்கிலத்தில் சொல்லித்தர ஆள் தாராளமாகக் கிடைக்கும்.

கலா_ஈசூன்:
பித்தன் அண்ணே, அந்தப் பனியில் பெரும்பகுதி ஜனவரி, பிப்ரவரியில் கொட்டுவது. அப்போது நம் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் சரிவின் மேலே ஏற்றிவிடும் எல்லா லிஃப்டும் ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதோடு, முதல்முறை போகிறவர் நாள் முழுக்க அடிவாரத்துச் சரிவில்தான் நிற்கப்போகிறார். முழங்கால் ஆழப் பனி அவருக்கு எதற்கு? விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது.

கொரியாவில் யொங்பியொங் பாருங்கள். 1975இல் திறந்த இடம், 2018 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்லாலம் (கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கும்) போட்டிகள் அங்கேதான் நடந்தன. தலைநகர் சோலிலிருந்து பக்கத்து ஊரான ஜின்பு வரை கேடிஎக்ஸ் அதிவேக ரயில் இருக்கிறது. பனி விழாவிட்டாலும் இயந்திரம் வைத்துப் பனி போட்டுவிடுவார்கள். அம்மா 1,458 மீட்டர் பல்வாங்சான் உச்சிக்குக் கேபிள் காரிலேயே போய்வரலாம்.

ஹொக்கைடோ_பித்தன்:
இயந்திரப் பனி இறுகினால் சிமெண்டுத் தரைதான் தங்கச்சி. கொரியாவில் ஓர் இடத்துக்கு (பெயர் வேண்டாம்) சனிக்கிழமை போய் லிஃப்டுக்கு 40 நிமிடம் வரிசையில் நின்றோம். பயிற்றுநருக்கு ஆங்கிலம் வரவில்லை, என் மகள் அழுதுகொண்டே திரும்பினாள். அதன்பிறகு இரண்டு வருடம் ஸ்கீ என்ற பேச்சையே எடுக்கவில்லை.

கலா_ஈசூன்:
பிள்ளை அழுதது கஷ்டம்தான். ஆனால் அது சனிக்கிழமை போனதால் வந்தது. ஞாயிறு மாலை போய் வியாழன் கிளம்பினால் கூட்டமே வேறு. பயிற்சிக்கு மொழியைச் சொல்லி முன்பதிவு செய்ய வேண்டும்.

தெம்பனிஸ்_ரஃபீக்:
சாப்பாட்டை யாருமே பேசவில்லையே! சுத்த சைவம் சாப்பிடும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜப்பானில் என்ன செய்வார்? அங்கே காய்கறிக் குழம்பில்கூட மீன்சாறு இருக்கும். குல்மார்க்கில் ராஜ்மா, சோறு, ரொட்டி சூடாகக் கிடைக்கும், எங்களைப் போன்றவர்களுக்கு ஹலாலும் கவலையில்லை. செலவும் குறைவு. கொண்டோலா என்ற கேபிள் கார் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும்.

கலா_ஈசூன்:
ரஃபீக் அண்ணே, குல்மார்க் ஊரே 2,650 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் வாழும் 71 வயதுக்காரருக்கு மூச்சு வாங்கும். 2024 ஜனவரியில் அங்கே புல்வெளிதான் தெரிந்தது, பனியே இல்லை. டிசம்பரில் எப்படி நம்புவது?

தெம்பனிஸ்_ரஃபீக்:
பனி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், டிசம்பரில் அதிர்ஷ்டம்தான். உயரத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மா ஸ்ரீநகரில் தங்கலாம், சுமார் 50 கிலோமீட்டர்தான்.

சுமதி_செங்காங்:
அம்மாவை ஓர் ஊரில் விட்டுவிட்டு நீங்கள் வேறு ஊரிலா? நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை ஒரு பெரிய ஸ்கீ ஊருக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் காலையில் மலையேறினால் மாலையில்தான் இறங்குவோம். வெளியே தரையெல்லாம் வழுக்கல். நான்கு நாளும் ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அடுத்த முறை ஹொக்கைடோவின் சப்போரோ நகரத்திலேயே தங்கினோம். 1972 குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் சில நடந்த தெய்னே மலை பக்கத்திலேயே இருக்கிறது, ரயிலில் தெய்னே நிலையம், அங்கிருந்து பஸ். பிள்ளைகளும் கணவரும் காலையில் போய்ச் சறுக்கிவிட்டு மாலையில் திரும்பினார்கள். நானும் அம்மாவும் சப்போரோ ரயில் நிலையத்திலிருந்து நகர நடுவிலுள்ள ஓடோரி வரை தரைக்கடியில் போகும் நடைபாதையில் பனியை மிதிக்காமலே நடந்தோம். கடை, காப்பி, உட்கார இடம் எல்லாம் உண்டு. இந்திய உணவகங்களும் இருக்கின்றன. ஊரின் பெயர்பெற்ற சூப் கறி என்ற குழம்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள், பெரும்பாலும் எலும்புச்சாறுதான். ரைஸ் குக்கர் எடுத்துப்போனால் அம்மாவுக்குக் கவலையில்லை.

கலா_ஈசூன்:
சுமதி அக்கா, நம்ம ஊர் குக்கர் 230 வோல்ட், ஜப்பான் 100 வோல்ட். சோறு வேகாது. கொரியாவில் 220, பிளக் அடாப்டர் போதும். சைவ அம்மாவுக்கு இது சின்ன விஷயமில்லை.

சுமதி_செங்காங்:
உண்மைதான். நான் 100 வோல்ட்டிலும் ஓடும் பயணக் குக்கர் வாங்கினேன், சொல்ல விட்டுப்போச்சு.

பொங்கோல்_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. சுமதி எழுதியதைப் படித்ததும்தான் உறைத்தது, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவேயில்லை. நேற்று இரவு கேட்டேன். "சறுக்குறதெல்லாம் நீங்க பாத்துக்குங்கப்பா. பனி வானத்துலேருந்து விழுமாமே, அதை ஒருதடவை பாக்கணும்," என்றார். கொரியாவில் டிசம்பரில் பனி விழுமா?

கலா_ஈசூன்:
குளிர் கடுமையாக இருக்கும், ஆனால் வறண்ட குளிர். ஒரு வாரம் தங்கியும் ஒரு துளி விழாமல் போகலாம். சப்போரோவில் டிசம்பரில் பாதி நாளுக்கு மேல் விழும். அம்மா கேட்டது அதுவானால் சப்போரோவுக்கே போங்கள். தெய்னேயில் எந்த லிஃப்டெல்லாம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள். பயணக் காப்புறுதியில் ஸ்கீ அடங்குதா என்று மறக்காமல் கேளுங்கள்.

ஹொக்கைடோ_பித்தன்:
மகனை ஒரே ஒரு நாளாவது நிசேக்கோவுக்குக் கூட்டிப்போங்கள். சப்போரோவிலிருந்து பஸ் இருக்கிறது.